அற்புதமேரியின் நீளமான நன்றி

அற்புதமேரிக்கு ஒரு பழக்கம் உண்டு. எதையும் வாயில் போடுவதற்கு முன்னால் சிலுவை அடையாளம் போட்டு, கண்ணை மூடி, கடவுளுக்கு நன்றி சொல்வாள். மண்ணூரில் அவள் வீட்டில் எல்லாரும் அப்படித்தான். ஆனால் மற்றவர்கள் வேளைச் சாப்பாட்டுக்கு மட்டும் சொல்வார்கள். இவள் பள்ளிக்கூட வாசலில் விற்கும் இலந்தை வடைக்கும் சொல்வாள்.

வீட்டுக்குள் இருந்தவரை அந்தப் பழக்கத்தால் யாருக்கும் தொந்தரவு இல்லை. சுங்குவார்சத்திரத்து ராத்திரிக் கடைத்தெருவுக்குப் போன அன்றுதான் வம்பு வந்தது.

அழைத்துப் போனவர் செல்வநாதன் மாமா, அம்மாவின் தம்பி. அம்பத்தூரில் ஒரு சைக்கிள் கம்பெனியில் வேலை பார்த்தார். லீவு கிடைப்பதே அபூர்வம். கிடைத்தால் மனிதருக்குச் சாப்பாட்டு நினைப்புதான். அந்தச் சனிக்கிழமை மத்தியானம் வந்து இறங்கியவர், சாயங்காலமே அற்புதமேரியைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

பகலில் அங்கே சந்தை. ஆடு மாடு வாங்க வந்தவர்களும் காய்கறிக்காரர்களும் கிளம்பியதும், ரோட்டோரமாகப் பலகாரக் கடைகள் முளைக்கும். கடைக்குக் கடை பெட்ரோமாக்ஸ் விளக்கு உஸ்ஸென்று எரியும். லாரிக்காரர்கள், பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாரும் அங்கேதான் வயிற்றை நிரப்பிக்கொள்வார்கள்.

முதலில் அவித்த வேர்க்கடலை. அற்புதமேரி கண்ணை மூடினாள். மாமா காத்திருந்தார். பிறகு பொரி உருண்டை. மறுபடி கண்ணை மூடினாள். மாமா காலை மாற்றி நின்றார். கோதண்டம் என்பவரின் கடையில் மிளகாய் பஜ்ஜி கைக்கு வந்ததும் மாமாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"இன்னா புள்ள, ஒவ்வொண்ணுக்கும் இப்டி நின்னா பஜ்ஜி ஆறிப்பூடாது? எல்லாத்துக்கும் சேத்து கடைசியா ஒரு தரம் சொல்லிடு" என்றார்.

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. அற்புதமேரி நன்றியை மனதுக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு பஜ்ஜியைக் கடித்தாள்.

அடுத்த நொடி காது வழியாகப் புகை வராத குறைதான். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. மாமா தண்ணீருக்காகத் திரும்புவதற்குள், பக்கத்து இட்லிக் கடை அம்மாள் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்து, சொம்புத் தண்ணீரும் ஒரு துண்டு வெல்லமும் கொடுத்தாள்.

அந்த அம்மாளின் பெயர் கனகம். வாரத்தில் சனிக்கிழமை மட்டும்தான் கடை. மற்ற நாளில் நாற்று நடப் போவாள். அந்த மாதம் ஏரியில் தண்ணீர் இல்லை, அதனால் நடவும் இல்லை. வீட்டில் அடுத்த சனிக்கிழமை வரை உலை கொதிப்பது இந்த இட்லிப் பானையை நம்பித்தான். இதையெல்லாம் அவள் மாவு ஊற்றிக்கொண்டே மாமாவிடம் சொன்னாள்.

மாமா கடைசி பஸ் எப்போது என்று டீக்கடையில் கேட்டுவரப் போனார். கனகம் ஒரு வாழையிலையில் இரண்டு இட்லியும் வடகறியும் வைத்து அற்புதமேரியிடம் நீட்டினாள். பிறகு குடத்தைத் தூக்கிக்கொண்டாள்.

"கண்ணு, நான் தோ தண்ணி புட்ச்சிகினு வந்துட்றேன். நாயி வந்தா வெரட்டு."

வெல்லம் கொடுத்த அம்மாளுக்கு ஒரு வேலை செய்யக் கிடைத்ததே என்று அற்புதமேரிக்குச் சந்தோஷம். ஒரு நாய் வந்தது, விரட்டினாள். அதே நாய் திரும்ப வந்தது, திரும்பவும் விரட்டினாள். அது அலுத்துப்போய்ப் பஜ்ஜிக் கடைப் பக்கம் போனது.

இனிச் சாப்பிடலாம். அப்போதுதான் சேர்த்து வைத்த நன்றி ஞாபகம் வந்தது. இலையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். வேர்க்கடலைக்கு நன்றி. பொரி உருண்டைக்கு நன்றி. மாமாவுக்கு லீவு கிடைத்ததற்கு, பஸ்ஸில் ஜன்னலோர இடத்துக்கு, இத்தனை விளக்குகளுக்கு நன்றி. பஜ்ஜிக்குச் சொல்லலாமா என்று கொஞ்சம் யோசித்து, அதற்கும் சொன்னாள். வெல்லத்துக்கும் கனகத்துக்கும் தனித்தனியாகச் சொல்லி, ஆமென் என்று கண்ணைத் திறந்தாள்.

எதிரே ஓர் ஆடு நின்றிருந்தது. சந்தையில் கயிற்றை அறுத்துக்கொண்டு வந்த ஆடு. கூட இரண்டு குட்டிகள். மூன்றின் வாயிலும் வாழையிலை தொங்கியது. கனகம் நறுக்கி அடுக்கி வைத்திருந்த இலைக்கட்டு பிரிந்து கிடந்தது. தின்றது போக மிச்சத்தை ஆடுகள் சேற்றில் மிதித்துத் துவைத்திருந்தன. இட்லியைத்தான் காக்க வேண்டும் என்று நினைத்தாளே தவிர, இலைக்கும் ஆள் வரும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

குடத்தோடு திரும்பிய கனகம் பார்த்தாள். திட்டவில்லை. "ஆடு துன்னதுக்கு நீ இன்னா பண்ணுவே" என்று மட்டும் சொல்லிவிட்டு, அடுப்பருகே உட்கார்ந்துவிட்டாள். திட்டியிருந்தால் கூடத் தேவலை என்றிருந்தது அற்புதமேரிக்கு.

அந்த நேரம் பார்த்து வேலூர் பஸ் வந்து நின்றது. ஜனங்கள் பசியோடு இறங்கினார்கள். நாலைந்து பேர் வந்து இட்லி கேட்டார்கள். இலை இல்லை என்றதும், சுடச்சுட இட்லியைக் கையிலா வாங்குவது என்று முணுமுணுத்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் நகர்ந்துவிட்டால் அவ்வளவுதான். இட்லி காய்ந்துவிடும், வடகறி காலைக்குள் ஊசிவிடும்.

அற்புதமேரி தன் இட்லி இலையை ஓரமாக வைத்துவிட்டு ஓடினாள். கோதண்டத்திடம் கேட்டாள். அவரிடம் செய்தித்தாள்தான் இருந்தது. அதில் வடகறி ஊற்றினால் எழுத்தும் சேர்ந்து வயிற்றுக்குள் போகும். டீக்கடையில் கண்ணாடி டம்ளர்தான். தெருமுனையில் பூ விற்கும் மரகதம் உட்கார்ந்திருந்தாள். பூவைப் பொட்டலம் கட்ட அவள் பக்கத்தில் தாமரை இலைகள் பெரிய கட்டாக இருந்தன.

நடந்ததைச் சொல்லி இலை கேட்டாள் அற்புதமேரி. மரகதம் மசியவில்லை. இலையைக் கொடுத்துவிட்டால் பூவை எதில் கட்டிக் கொடுப்பது என்றாள். அற்புதமேரி கூடையை எட்டிப் பார்த்தாள். பூ அடியில் கொஞ்சம்தான் கிடந்தது. மரகதத்தின் முகத்தையும் பார்த்தாள். வாடியிருந்தது.

"நீங்க சாப்டீங்களா அக்கா?" என்று கேட்டாள்.

மரகதம் இல்லையென்று தலையாட்டினாள். காலையில் குடித்த கஞ்சிதான். கூடையை விட்டுவிட்டு எழுந்து போக வழியில்லை.

"நான் சூடா இட்லி கொண்டாந்து தரேன். பூவுக்கு வேண்டிய இலைய நீங்க வச்சிக்குங்க. மீதி குடுங்க போதும்."

மரகதம் கொஞ்சம் இலையை எடுத்துக்கொண்டு, மீதிக் கட்டை அப்படியே அவள் கையில் வைத்தாள். அற்புதமேரி கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடிவந்தபோது, பஸ் ஜனங்களில் பாதிப் பேர் இன்னும் நின்றிருந்தார்கள்.

கனகம் துள்ளி எழுந்தாள். முதல் இட்லி மரகதத்துக்குப் போனது. கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று கேட்டுத் திரும்பி வந்த மாமா விஷயம் தெரிந்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டு தண்ணீர் ஊற்றினார். தாமரை இலையில் சட்னி நிற்காமல் உருண்டது. ஒரு லாரிக்காரர் குறைப்பட்டுக்கொண்டபோது, அது ஓடுவதற்குள் சாப்பிட்டுவிடுங்கள் என்றாள் அற்புதமேரி. அவர் சிரித்துக்கொண்டே இன்னும் இரண்டு இட்லி வாங்கினார்.

பானை காலியானது. வந்தவர்கள் எல்லாரும் சாப்பிட்டாயிற்று, கனகம்தான் இன்னும் சாப்பிடவில்லை. அற்புதமேரி மாமாவின் காதில் சொன்னாள். மாமா எதிர்க் கடையிலிருந்து சூடாகக் கல்தோசை வாங்கிவந்தார். அவள் அதை இலையில் வைத்துக் கனகத்தின் முன்னால் பரிமாறினாள்.

"சனிக்கெழம ஆனா ஊருக்கே நான் போட்றேன். எனக்கு ஒருத்தர் போட்டு நான் துன்னதே இல்ல கண்ணு" என்றாள் கனகம்.

அற்புதமேரியும் தன் இட்லி இலையோடு பக்கத்தில் உட்கார்ந்தாள். அது எப்போதோ ஆறியிருந்தது. சிலுவை போட்டாள். ஆனால் கண்ணை மூடவில்லை. இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள், அவசரமாக இட்லியைப் பிட்டாள்.

"இன்னா கண்ணு, சாமிகிட்ட ஒண்ணும் சொல்லலியா?" என்று கேட்டாள் கனகம்.

"கண்ணத் தொறந்துகினே சொல்லிட்டேன்."

ஆடு வந்தது இவளுக்கு ஏன் தெரியவில்லை என்று கனகத்துக்குப் புரிந்துவிட்டது. அவள் தலையை வருடிக் கொடுத்தாள்.

"அதெல்லாம் வேணாம். நீ எப்பவும் போல நல்லா மூடிகினு சொல்லு. என் தோசைக்கும் சேத்து சொல்லு. நான் பாத்துக்கறேன்."

அற்புதமேரி இட்லியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. தோசை ஆறிக்கொண்டிருந்தது. கனகம் அதில் கை வைக்காமல் காத்திருந்தாள்.