கரடிச்சோலையின் நிலச்செவிகள்

பவளக்கொடி குழிக்குள் கைவிட்டு மண்ணை வழித்தாள். போன கோடையில் அவளே புதைத்த அதிர்வுமானி அது. பாறை தட்டும்வரை தோண்டி, குமிழ்மட்டத்தால் சமன் பார்த்து, வடக்கு நோக்கித் திருப்பி வைத்திருந்தாள். குழிக்கு மூடி போட்டு, காட்டுப்பன்றி கேபிளைக் கடிக்காமலிருக்க மேலே முள் வெட்டிப் போட்டிருந்தாள். இப்போது இதில் தொடங்கி மலை முழுக்கச் சுற்றி, வைத்ததையெல்லாம் கழற்றிக்கொண்டு இறங்க வேண்டும்.

“இத எடுத்துட்டா நெலம் ஆடுறதுக்கு முன்னாடி எங்களுக்குச் சங்கு ஊதாதுல்ல?” என்று கேட்டாள் பேச்சியம்மா. கரடிச்சோலையில் காப்பிப்பழம் பறிப்பவள். கருவிப்பெட்டியைச் சுமந்துகொண்டு காலையிலிருந்து கூடவே வருகிறாள்.

“ஊதாதுக்கா.”

பெருநடுக்கத்துக்குப் பிறகு மலைகளின் காவல் ‘புவிமதி’ என்ற இயந்திர அறிவின் கைக்குப் போயிருந்தது. நிலச்செவிகள் என்று மக்கள் அழைத்த இந்தக் கருவிகளைக் கொண்டு, நிலம் குலுங்குவதற்குச் சில நிமிடங்கள் முன்பே அது எச்சரிக்கும். ஆனால் கருவிகள் குறைவு. ஆள் குறைந்த ஊரில் எடுத்து ஆள் நிறைந்த ஊரில் வை என்பது விதி. இந்த வருடம் சில குடும்பங்கள் பிழைப்புக்கு இறங்கிப்போனதில் கரடிச்சோலை அந்த விதி வைத்த ஆள்கணக்கு வரம்புக்குக் கீழே போய்விட்டது.

“ஆளு கொறஞ்சா நெலம் ஆடாதாமா?”

பவளக்கொடி கைத்திரையைப் பார்த்தாள். சில நாட்களாகவே ஊருக்கு அடியில் சின்னச் சின்ன அதிர்வுகள். இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. கருவிகளை வைக்கும் ஆணையத்தின் மண்டல அலுவலர் தீபனை அழைத்தாள்.

“சார், இங்க அதிர்வு கூடிக்கிட்டே போகுது. இப்பக் கழட்ட முடியாது.”

“அது புவிமதிக்கும் தெரியும்மா. தெரிஞ்சுதான் மாத்தச் சொல்லுது. கீழ டவுன்ல எத்தன ஆயிரம் பேரு!”

“டவுன்ல தெருவுக்குத் தெரு இருக்கு சார். இங்க இதுங்கள விட்டா வேற இல்ல.”

“லைசென்ஸ் போயிரும்.”

“போகட்டும்.”

புவிமதி தொலைவிலிருந்தே கருவிகளை அணைத்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு குழியாக ஓடி ஆன்டெனாவைப் பிடுங்கினாள். புவிமதியின் தொடர்பில்லாமல் அவை தாமே ஓடும்படி தனியியக்கத்தில் போட்டாள். ஊரே திரண்டு கேபிள் இழுத்து, காப்பி ஆலையின் சங்கோடு இணைத்தது.

இரண்டு நாள் கழித்து, அடுப்பில் உலை கொதிக்கும் நேரத்தில் சங்கு அலறியது. போட்டது போட்டபடி எல்லோரும் காப்பி காயவைக்கும் திறந்த களத்துக்கு ஓடினார்கள். பிறகு மலை குலுங்கியது. தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகள் வரிசையாகச் சரிந்தன. புழுதி அடங்கியதும் பேச்சியம்மா ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டாள். கூப்பிட்ட பெயர்களெல்லாம் குரல் கொடுத்தன.

மறுநாள் தீபன் காவலர்களோடு வந்தார். இடிந்த வீடுகளின் வரிசையை ஒருமுறை நடந்து பார்த்தார். பிறகு, “விதி விதிதாம்மா. கருவியெல்லாம் ஆணையத்தோட சொத்து” என்றார்.

பேச்சியம்மா பக்கத்திலிருந்த கருவிக் குழியின் மூடிமேல் போய் உட்கார்ந்தாள். “நாங்க யாரு சொத்து?”

தீபன் பவளக்கொடியைப் பார்த்தார். அவள் தன் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். “கொஞ்சம் தள்ளுக்கா” என்று சொல்லிவிட்டு, மூடியின் மறுபாதியில் உட்கார்ந்துகொண்டாள்.