தகரக்காலனின் கால்

தகரக்காலனுக்கு முகம் கிடையாது. கண், மூக்கு, வாய் எதுவுமே இல்லை. மூடுபனிக்குள் ஒரு கறுப்பு உருவம், அவ்வளவுதான். ஆனால் அது நடந்தால் சத்தம் கேட்கும்.

டண்.

பிறகு வெகுநேரம் ஒன்றும் கேட்காது. சரி, போய்விட்டது என்று நாம் மூச்சு விடும்போது மறுபடியும், டண்.

இப்படி ஒரு பூதத்தை உண்டாக்கியது யார் தெரியுமா? என் சொந்தத் தாய்மாமா சுதாகர். அவருக்குச் சென்னையில் கார்ட்டூன் படம் செய்யும் கம்பெனியில் வேலை. இரண்டு மாதம் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று சொன்னார்களாம். உடனே கம்ப்யூட்டரைக் கட்டி எடுத்துக்கொண்டு கொல்லிமலைக்கு, எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

வந்த நாளிலிருந்து ஒரே பேச்சுதான். செம்பா என்று ஒரு மலைக்காட்டுச் சிறுமி, அவளைத் துரத்தும் தகரக்காலன்.

“மொத்தம் பதிமூணு பகுதி, மேகலா. ஆனா முதல்ல ஒண்ணே ஒண்ணைச் செஞ்சு போட்டுக் காட்டுவோம். அதுக்குப் பேரு பைலட்” என்றார் மாமா.

“ப்ளேன் ஓட்டுவாங்களே, அவங்களா?” என்று கேட்டான் என் தம்பி மணிவண்ணன். அவன் ஒன்றாம் வகுப்பு. நான் ஐந்தாம் வகுப்பு.

“இல்ல சாமி. இது சோத்துக்குப் பதம் பார்க்கிற மாதிரி. பிள்ளைங்களுக்குப் பிடிச்சாத்தான் மீதியச் செய்வாங்க. மாத்த வேண்டியத மாத்தி, கடைசி வடிவத்த அப்புறமா அனுப்பணும்.”

பதம் பார்க்கும் பொறுப்பு எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தது.

வெள்ளிக்கிழமை கடைசி மணி. ருக்குமணி டீச்சர் ஜன்னல்களைச் சாத்தினார். சுவரில் படம் ஓடியது. முதல் இரண்டு நிமிடம் சிரித்தோம். பிறகு மூடுபனி வந்தது. டண் என்று ஒரு சத்தம் கேட்டது. அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. என் தோழி கோகிலா என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. செம்பா ஓடினாள், ஓடினாள், வீட்டுக்குள் புகுந்து கதவைச் சாத்தினாள். கதவுக்கு வெளியே, டண்.

படம் அதோடு முடிந்துவிட்டது!

“பயந்துட்டீங்களா?” என்று கேட்டார் மாமா. அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

முன்வரிசையில் ஒரு பையன் எழுந்திருக்கவே மாட்டேன் என்றான். அவன் உட்கார்ந்திருந்த இடம் ஈரமாக இருந்தது.

“சூப்பர்!” என்றார் மாமா.

அன்று மாலை மணியும் நானும் வீட்டுக்கு நடந்தோம். எங்கள் மரவள்ளிக் காட்டை ஒட்டித்தான் பாதை. மலை உச்சியிலிருந்து பனி இறங்கிக்கொண்டிருந்தது. பத்தடிக்கு அப்பால் செடி எது, ஆள் எது என்று தெரியவில்லை.

டண்.

மணி அப்படியே நின்றுவிட்டான். “அக்கா, வருது.”

அது என்னவென்று எனக்குத் தெரியும். எங்கள் அப்பா செய்து வைத்தது. வாய்க்கால் தண்ணீர் ஒரு மூங்கில் குழாயில் நிறையும். நிறைந்ததும் குழாய் கவிழ்ந்து தண்ணீரைக் கொட்டும். திரும்பி விழும்போது அதன் அடிப்பக்கம் ஒரு பழைய எண்ணெய்த் தகரத்தில் மோதும். ஏறக்குறைய இருபது எண்ணுவதற்கு ஒரு தடவை, இரவும் பகலும் அது அடித்துக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்துக்குப் பயந்து காட்டுப்பன்றிகள் கிழங்கைத் தோண்ட வராது. நான் பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம் அது.

இவ்வளவும் தெரிந்திருந்தும் எனக்கு மயிர் சிலிர்த்தது. தம்பியை இழுத்துக்கொண்டு ஓடினேன். அக்கா என்று பேர்தான்!

மாமா வந்ததும் நேராகக் கேட்டேன். “மாமா, தகரக்காலன் நடக்கிற சத்தம் நம்ம காட்டுத் தகரம்தானுங்களே?”

“கண்டுபிடிச்சிட்டியா! போன்ல பதிவு பண்ணுனேன். என்ன அருமையான சத்தம்! சென்னையில தேடுனாலும் கிடைக்காது.”

சென்னையில் கிடைக்காது. எங்களுக்குத்தான் இருபது எண்ணுவதற்கு ஒருமுறை கிடைத்துக்கொண்டே இருந்தது.

மணி எண்ண ஆரம்பித்துவிட்டான். சாப்பிடும்போதும் எண்ணினான், படுக்கும்போதும் எண்ணினான். “பதினெட்டு, பத்தொம்பது, இருபது...” டண். உடனே போர்வைக்குள் போய்விடுவான். கொல்லைப்பக்கம் போகக்கூட நான் கூடப் போக வேண்டியிருந்தது. திங்கட்கிழமை காலையில் பள்ளிக்கூடம் என்றதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு போய் வாய்க்காலில் காட்டினார். “பாரு கண்ணு, நம்ம தகரம். உங்கப்பா கட்டுனது. இதுக்குப் போயி பயப்படுவாங்களா?”

மணி தலையை ஆட்டினான். வீட்டுக்கு வந்ததும் என் காதில் சொன்னான்: “பகல்ல அது தகரம் அக்கா. பொழுது சாஞ்சா அதுக்குக் கால் முளைச்சிரும்.”

செவ்வாய்க்கிழமை அவனுக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. அன்றைக்குத்தான் மாமா குதித்துக்கொண்டு வந்தார். “பைலட் கம்பெனிக்குப் பிடிச்சுப்போச்சு! அந்தச் சத்தம்தான் படத்துக்கே உயிருன்னு சொல்றாங்க!”

என் தம்பியின் உயிர்தான் போய்க்கொண்டிருக்கிறது என்று கத்த வேண்டும்போல இருந்தது. மாமாவிடம் எப்படிக் கத்துவது? வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் மணிக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. மதியம் மழை பிடித்துக்கொண்டது. நல்ல மழை. வாய்க்காலில் தண்ணீர் ஏறியது. குழாய் சீக்கிரம் சீக்கிரமாக நிறைந்தது. இருபதுக்கு ஒருமுறை அடித்த தகரம் பத்துக்கு ஒருமுறை அடித்தது. பிறகு ஐந்துக்கு ஒருமுறை.

டண். டண். டண்.

“ஓடி வருது அக்கா” என்றான் மணி. அவன் உதடு வெளுத்திருந்தது.

மழை விட்டபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அப்பா மிளகு மூட்டைகளோடு மலைக்குக் கீழே சந்தைக்குப் போயிருந்தார். அம்மா மாட்டைப் பிடித்துவரப் போனார். மாமா சிக்னல் தேடிப் பாறைமேல் ஏறிவிட்டார். நான் அடுப்புக்கு விறகு எடுத்துக்கொண்டிருந்தேன்.

திடீரென்று சத்தம் நின்றுவிட்டது.

இருபது எண்ணினேன். முப்பது எண்ணினேன். ஒன்றுமில்லை. என் வாழ்நாளில் அப்படி ஒரு அமைதியைக் கேட்டதே இல்லை. தகரச் சத்தத்தைவிட அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“மணி!”

வீட்டுக்குள் அவன் இல்லை. வாசலில் அவன் செருப்பும் இல்லை.

எப்படி ஓடினேன் என்று எனக்கே தெரியாது. பனி வெள்ளையாக அடைத்துக்கொண்டிருந்தது. மரவள்ளி இலைகள் ஈரத்தோடு முகத்தில் அடித்தன. ஒவ்வொரு செடியும் ஆள்போல நின்றது. எந்தச் செடிக்கும் முகம் இல்லை. “மணி, மணி” என்று கூப்பிட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

வாய்க்கால் கரையில் அவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். உடம்பெல்லாம் சேறு. ஒரு காலில்தான் செருப்பு. மடியில் எண்ணெய்த் தகரம்.

“அதோட கால எடுத்துட்டேன் அக்கா. இனிமே நடக்காது” என்றான். பல் கிடுகிடுவென்று ஆடியது. ஆனாலும் சிரித்தான்.

என்ன துணிச்சல்! அவ்வளவு பயந்தவன், அந்தப் பனிக்குள் தனியாக வந்து, பூதத்தின் காலையே கழற்றியிருக்கிறான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவனை அணைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் செடிகள் சலசலத்தன.

உர்ர்ர் என்று ஓர் உறுமல். மண்ணைக் கிளறும் சத்தம். நாங்கள் வீட்டுக்குத் திரும்ப வேண்டிய பாதையில், பனிக்குள் கறுப்பாக ஏதோ நின்றது. பெரிய காட்டுப்பன்றி. அதன் பின்னால் குட்டிகள். குட்டியோடு இருக்கும் பன்றிக்குக் கிட்டே போகக்கூடாது என்று எங்கள் ஊரில் நடக்கப் பழகிய குழந்தைக்கும் தெரியும். அது தலையைத் தூக்கி எங்கள் பக்கம் மோந்தது.

நான் மெல்லக் குனிந்து ஒரு கல்லை எடுத்தேன். தகரத்தை ஓங்கி அடிக்கப் போனேன். மணி அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

“அடிக்காதே அக்கா! சத்தம் கேட்டா தகரக்காலன் வந்துரும்!”

பிடுங்கி அடித்திருக்கலாம். எனக்குப் பலம் இருந்தது. ஆனால் அவன் கண்களைப் பார்த்தேன். பன்றியைவிட அந்தச் சத்தத்துக்குத்தான் அவன் அதிகம் பயந்தான். நான் அடித்தால் அது மறுபடியும் தகரக்காலனின் சத்தமாகத்தான் அவனுக்குக் கேட்கும்.

கல்லை அவன் கையில் வைத்தேன்.

“நீதானே அதோட கால எடுத்தே? இப்ப அது உன்னோட கால். நீ அடிச்சா உன் சத்தம். அடி, கண்ணு.”

பன்றி ஓர் அடி முன்னால் வைத்தது.

மணி கண்ணை இறுக மூடிக்கொண்டு அடித்தான்.

டண்!

பன்றி துள்ளித் திரும்பியது. மணி ஒரு கண்ணைத் திறந்தான். டண்! மறு கண்ணையும் திறந்தான். டண்! டண்! டண்! செடிகள் முறிய, குட்டிகள் கத்த, எல்லாம் காட்டுக்குள் ஓடின.

“அக்கா, என்னப் பார்த்துப் பயந்து ஓடுது!”

வீடு வரைக்கும் அவன் அடிப்பதை நிறுத்தவே இல்லை. அம்மா மாட்டை விட்டுவிட்டு ஓடி வந்தார். இருவரையும் திட்டினார், கட்டிக்கொண்டார், மறுபடியும் திட்டினார். எங்கள் வீட்டு வழக்கம் அது.

அம்மா தகரத்தைத் திரும்பக் கட்டிவிட்டு வந்தார். இரவுச் சாப்பாட்டின்போது மணி மெதுவாகச் சொன்னான்: “பன்னி ஓடிருச்சு. ஆனா கம்ப்யூட்டர்ல இருக்கிறது ஓடாதே.”

இனி வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

“மாமா, அந்தச் சத்தத்த மாத்திருங்க.”

“பைலட்ல எல்லாருக்கும் பிடிச்சதே அதுதானே, கண்ணு. அதப் போயி மாத்த முடியுமா?”

“சென்னைப் பிள்ளைங்க படத்த நிறுத்துனா சத்தமும் நின்னுருமுங்க. எங்களுக்கு நிக்காதுங்களே, மாமா.”

மாமா சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. வெளியே தகரம் அடித்தது. டண். மணியின் தோள் ஒருமுறை துள்ளியது. மாமா அதைப் பார்த்துவிட்டார்.

“சத்தம் இருக்கட்டும். ஆனா அது பூதத்துக்கிட்ட வேண்டாம். செம்பா கையில குடுங்க. அது பன்னிய விரட்டத்தானே கட்டுனது?” என்றேன்.

“அப்பப் பூதம் எப்படி வரும்? சத்தமே இல்லாமலா?”

“ஆமாங்க. தகரம் நின்னப்போதான் எனக்கு ரொம்பப் பயமா இருந்துச்சு.”

மாமா எச்சில் கையோடு என்னையே பார்த்தார். பிறகு கை கழுவக்கூட இல்லை, கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார். அம்மா அதற்கும் திட்டினார்.

அடுத்த பத்து நாளும் அவர் அழித்து அழித்து வரைந்தார். பாறைமேல் நின்று கம்பெனிக்காரர்களோடு போனில் சண்டை போட்டார். பூதத்துக்கு இப்போது தகரக் கால் இல்லை. அதனால் வேறு பெயர் வேண்டும். “பனியிலதானே வருது? ‘பனியன்’னு வைக்கலாமா?” என்று கேட்டார். அப்பா மாட்டியிருந்த பனியனைப் பார்த்து நாங்கள் சிரித்த சிரிப்பில் அந்தப் பெயர் ஓடிப்போனது. கடைசியில் மணிதான் வைத்தான்: சத்தந்தின்னி.

மூன்று மாதம் கழித்துக் கடைசி வடிவம் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தது. மாமாவும் வந்தார். மறுபடியும் ஜன்னல்களைச் சாத்தினார்கள். முன்வரிசைப் பையன் கதவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டான்.

பைலட்டில் செம்பா எண்ணெய் வைத்து இரட்டைச் சடை போட்டிருந்தாள். இப்போது தலை கலைந்து, உடம்பெல்லாம் சேறாகி, ஒரு காலில் மட்டும் செருப்போடு நின்றாள். மணி என்னை இடித்தான்.

பனி வந்தது. முதலில் தவளைகளின் சத்தம் நின்றது. பிறகு நாய் குரைப்பது நின்றது. பிறகு வாய்க்கால் ஓடும் சத்தமும் நின்றது. கோகிலா மறுபடியும் என் கையில் நகத்தைப் பதித்தாள். எனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் நானும் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கறுப்பு உருவம் செம்பாவின் முகத்துக்கு நேரே குனிந்தது. செம்பா ஒரு கல்லை எடுத்துக் கையிலிருந்த தகரத்தில் ஓங்கி அடித்தாள்.

டண்!

அந்தச் சத்தத்தைத் தின்ன முடியாமல் பூதம் கிழிந்து ஓடியது. வகுப்பே எழுந்து கத்தியது. முன்வரிசைப் பையன் கதவைத் தட்டித் தட்டி ஆடினான்.

“அது நான் அடிச்சது! மாமா என்னைத்தான் பதிவு பண்ணுனாரு!” என்று மணி எல்லோரிடமும் சொன்னான். சொல்லிக்கொண்டே இருந்தான்.

அன்று பொழுது சாய்ந்ததும் பனி எங்கள் வாசல்வரை வந்தது. மணி என் பக்கத்தில் படுத்துக்கொண்டு பழக்கத்தில் எண்ண ஆரம்பித்தான். பதினொன்று வரைக்கும் வந்தான். அதற்குள் தூங்கிப்போனான்.

மீதி ஒன்பதையும் நான் எண்ணினேன்.

டண்.

அப்பாடா என்று போர்வையை இழுத்துக்கொண்டேன்.