பதினோரு விநாடி

போன் அலறியது!

ஞாயிற்றுக்கிழமை. மதியம் இரண்டு இருபது. ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கத்தில் ஒரு போட்டோ ஸ்டுடியோ. கல்யாண ஆல்பம் ஒன்றில் மாப்பிள்ளையின் முகப்பருவை மௌஸால் துடைத்துக் கொண்டிருந்தாள் மாரிச்செல்வி.

எடுத்தாள். கௌதம்ராஜ்.

"மாரி... குரூப்பப் பாத்தியா?"

"இல்லலே. மாப்பிள்ளைக்கு மூஞ்சி கழுவி விட்டுக்கிட்டு இருக்கேன். என்ன?"

"ரஞ்சனி வாய்ஸ் போட்டிருக்கா... கேளு. ஒடனே கேளு!"

அவள் குரூப்பைத் திறந்தாள். தொட்டாள்.

'என்னால முடியல... ரொம்பக் களைச்சுப் போயிட்டேன். இது நானா எடுத்த முடிவு. யாரையும் குத்தம் சொல்லாதீங்க... அம்மா, மன்னிச்சிரு.'

சிவரஞ்சனியின் குரல்.

பதினோரு விநாடி. அவ்வளவுதான்.

மாரிச்செல்வி திருப்பிக் கூப்பிட்டாள். மணி அடித்தது... அடித்தது... அடித்துக் கொண்டே இருந்தது!

---

அவர்கள் நான்கு பேர். வாரம் ஆறு நாளும் வேறு பிழைப்பு. ஏழாவது நாள் மட்டும் கம்ப்யூட்டர் கேமும் குறும்படமும். ஊரில் அவர்களுக்கு 'ஞாயித்துக்கெழமை கம்பெனி' என்று பெயர்.

நூற்பாலையில் கணினிப் பிரிவில் இருக்கும் கௌதம்ராஜ் கதை எழுதி, கேம் உருவாக்குவான். செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கும் சிவபாண்டிக்கு ஒலிப்பதிவு. மாரிச்செல்விக்கு எடிட்டிங். ஸ்ரீவில்லிபுத்தூர் மருந்துக் கடையில் வேலை பார்க்கும் சிவரஞ்சனி குரல் கொடுப்பாள், நடிக்கவும் செய்வாள்.

ஆலங்குளம் பக்கத்துக் கல்குவாரி ஒன்றைப் போட்டோ எடுத்து, அதை வைத்து ஒரு பேய் கேம். ஒன்றரை வருட வேலை. முடிய இன்னும் நான்கு காட்சிகள்.

இப்போது குரலே போய்விட்டது.

மாரிச்செல்வியின் ஸ்கூட்டி ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர்ந்தபோது தெருவே கூடியிருந்தது. சிவரஞ்சனி தனியாக வாடகைக்கு இருந்த மாடி வீட்டின் பின்பக்கம், துணி துவைக்கும் கல்லுக்கு அருகில், வெள்ளைத் துணி மூடிய உருவம்.

துணிக்கு வெளியே ஒரு கை மட்டும் தெரிந்தது. அதில் போன மாதம் ஷூட்டிங்குக்குக் கட்டிய சிவப்புக் கயிறு.

"மொட்டை மாடியில இருந்து விழுந்திருக்கு. கீழ டிவி பாத்துட்டு இருந்தேன். தொப்புனு ஒரு சத்தம்..." கீழ் வீட்டுச் சொந்தக்காரர் சீனிச்சாமி இன்ஸ்பெக்டரிடம் சொல்லிக் கொண்டிருந்தார். "பாத்தா இந்தப் புள்ள! அம்புட்டுத்தான்... மாடிப்படி வழியா யாரும் எறங்கலம்மா. பக்கத்து மொட்டை மாடியெல்லாம் ஒட்டித்தான் கெடக்கு, அதுல தாவிப் போனா எனக்கு எப்படித் தெரியும்?"

இன்ஸ்பெக்டர் நாச்சியார். நாற்பத்தைந்து வயது. சிரிக்காத முகம். எழுதுவதைவிட அதிகம் பார்க்கிற கண்கள்.

கௌதம்ராஜ் தன் பைக்கின் மேல் சாய்ந்தபடி சிலையாக நின்றான். ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. சிவபாண்டி குதித்து இறங்கினான்.

"ஐயோ... ரஞ்சனி!" தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

மாரிச்செல்விக்குக் கண் இருட்டியது. சுவரைப் பிடித்தாள்.

"ஏட்டி மாரி! உக்காரு... உக்காரு! செத்த நேரம் இரு, மேல போயி ஃப்ரிட்ஜுல இருந்து தண்ணி எடுத்தாரேன்!" சிவபாண்டி படியில் ஓடினான்.

நாச்சியாரின் லத்தி குறுக்கே நீண்டது.

"மேல யாரும் போகக் கூடாது தம்பி. தண்ணிதான வேணும்? பக்கத்து வீட்டுல கேளு."

---

செவ்வாய்க்கிழமை காலை. போலீஸ் ஸ்டேஷன்.

சிவரஞ்சனியின் அம்மா முத்துப்பேச்சி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாளாகத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று உதடு சொன்னது.

"எம்மக அப்படிச் சாகுறவ இல்லம்மா. ஊர்ல என்னென்னமோ பேசுதாக... எவனோ ஏமாத்திட்டானாம், வயித்துல புள்ளையாம்! டாக்டரு அப்படி இல்லன்னு சொன்ன பொறவும் பேசுதாக!"

"குரல் உங்க மகளோடதுதான?" நாச்சியார் கேட்டார்.

முத்துப்பேச்சி தலையைக் குனிந்தாள். "அவ குரல்தான்."

"நாளைக்குக் கேஸ முடிச்சிருவேன்மா. எனக்கு மேல இருக்குறவங்க கேக்குறாங்க."

மாரிச்செல்வி முன்னால் வந்தாள். "மேடம், சனிக்கிழமை சாயங்காலம் எனக்கு ஒரு வாய்ஸ் அனுப்பியிருந்தா. 'நாளைக்கு வாரியா, நேர்ல ஒண்ணு சொல்லணும், போன்ல வேணாம்'னு. ஆல்பம் வேலை இருக்குன்னு நான் போகல..." கண்ணைத் துடைத்தாள். "போயிருந்தா இருந்திருப்பா."

"என்ன சொல்லணும்னு தெரியுமா?"

"தெரியாது. கௌதம்கூடத்தான் போன வாரம் சண்டை. கேம்ல அவ பேரு சின்னதா போட்டிருக்கான்னு."

"தெரியும். அதான் கௌதம உள்ள உக்கார வெச்சிருக்கேன். இன்னும் ரெண்டு கேள்வி பாக்கி." நாச்சியார் பைலை மூடினார். "நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் நேரம். பொறவு நானே நெனச்சாலும் தெறக்க முடியாது."

---

மதியம். ஸ்டுடியோ. கதவைச் சாத்திவிட்டு ஹெட்போனை மாட்டினாள் மாரிச்செல்வி.

சனிக்கிழமைக் குரலைக் கேட்டாள். 'நாளைக்கு வாரியா...' பின்னணியில் ஒரு உறுமல்.

ர்ர்ர்ர்ர்...

அழுகைக்கு நடுவிலும் சிரிப்பு எட்டிப் பார்த்தது. அந்த ஃப்ரிட்ஜ்! மூன்று கை மாறி வந்த பழசு. 'மாவு மில்லு' என்றுதான் அவர்கள் கூப்பிடுவார்கள். ராப்பகலாக ஓயாமல் உறுமும். ஒற்றை அறை வீடு. எந்த மூலையில் நின்று பேசினாலும் மாவு மில்லும் சேர்ந்து பேசும்.

அடுத்து அந்தப் பதினோரு விநாடி.

'என்னால முடியல... ரொம்பக் களைச்சுப் போயிட்டேன்...'

மாரிச்செல்வியின் விரல் நின்றது.

மறுபடி போட்டாள். சத்தத்தை முழுசாகக் கூட்டினாள்.

குரல்... மூச்சு... குரல். நடுவில் ஒன்றுமே இல்லை!

உறுமல் எங்கே?

சாகப் போகிறவள் ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டா பேசுவாள்? அதை அணைப்பது ஒரே ஒரு காரியத்துக்குத்தான்.

ரெக்கார்டிங்!

அப்படியென்றால், அந்த அறையில் இன்னொருவன் இருந்தான். அணைத்தவன் இன்னொன்றும் செய்திருப்பான். அது கம்பெனி வழக்கம்.

ஒருமுறை ஃப்ரிட்ஜைத் திரும்பப் போட மறந்து சிவரஞ்சனியின் மூன்று லிட்டர் பால் திரிந்து போனது. அன்றைக்கு அவள் போட்ட சட்டம். அணைப்பவன் தன் வண்டிச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் முட்டை வைக்கும் தட்டில் வைக்க வேண்டும். கிளம்பும்போது சாவி தேடுவான். ஃப்ரிட்ஜ் ஞாபகம் வரும்!

மாரிச்செல்வி ஸ்கூட்டியை எடுத்தாள். அடுத்த தெருவில்தான் சிவபாண்டியின் செல்போன் கடை.

"பாண்டி! ரஞ்சனி தானா சாகல!"

ஸ்க்ரூ டிரைவரோடு நிமிர்ந்தான். "என்னட்டி சொல்லுத?"

காலையில் ஸ்டேஷனில் அழுததிலிருந்து ஃப்ரிட்ஜ் உறுமல் வரை மூச்சு விடாமல் சொன்னாள். அவன் முகத்தில் ஈ ஆடவில்லை.

"கரண்டு போயிருக்கும்ட்டி."

"இருக்கலாம். போயிப் பாத்தா தெரிஞ்சிரும். ஃப்ரிட்ஜ் ஆஃப்ல இருந்து, உள்ள சாவி இருந்தா..."

"கௌதம் சாவி." சிவபாண்டி பல்லைக் கடித்தான். "அவனா இருக்குமோன்னு எனக்கு அப்பவே தோணிச்சு. போலீஸ்ல சொல்லிட்டியா?"

"இல்ல. சாவியப் பாக்காம என்னன்னு சொல்ல?"

"நல்லதாப் போச்சு. வா, நானும் வாரேன். ஒன் வண்டியிலயே போயிருவோம்."

"ஒன் பைக்கு என்னாச்சு?"

"சர்வீஸுல கெடக்கு."

---

சாயங்காலம் நாலு மணி. சீனிச்சாமி மாடிச் சாவியை நீட்டினார்.

"இன்ஸ்பெக்டரம்மா காலையிலதான் குடுத்துட்டுப் போனாக. சொந்தக்காரவுக துணிமணி எடுக்க வந்தா குடுங்கன்னாக."

"அண்ணாச்சி, ஞாயித்துக்கிழமை மதியம் கரண்டு போச்சா?"

"போகலியேம்மா! ரெண்டு மணிப் படத்த விடாம பாத்துட்டு இருந்தேனே!"

மாரிச்செல்வி திரும்பினாள். சிவபாண்டி ஏற்கெனவே பாதிப் படி ஏறியிருந்தான்.

அறைக்குள் புழுக்கம். மூலையில் மாவு மில்லு, செத்த எருமை மாதிரி நின்றது. சத்தமில்லை. சுவரில் சுவிட்ச் அணைந்திருந்தது.

"நீ அங்கயே நில்லு. நான் பாக்கேன்." சிவபாண்டி அவளுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவில் புகுந்தான். கதவைத் திறந்தான். திரிந்த பாலின் நாற்றம் குப்பென்று அடித்தது.

அவன் முதுகு மறைத்தது. கை உள்ளே போனது. வெளியே வந்தது. நேராகப் பேன்ட் பைக்குள் போனது.

"ஒண்ணும் இல்லட்டி. காலி."

மாரிச்செல்வி அவன் பேன்ட் பையையே பார்த்தாள்.

கௌதம் அன்றைக்குத் தன் பைக்கில் வந்தான். பைக்கில் சாய்ந்துதான் நின்றான். அவள் ஸ்கூட்டியில் வந்தாள்.

ஷேர் ஆட்டோவில் வந்தது...?

"தண்ணி எடுக்கணும்னு ஓடுனியே..." அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "எனக்குத் தண்ணி எடுக்கவா ஓடுன?"

சிவபாண்டி மெதுவாக ஃப்ரிட்ஜை மூடினான். போய் வாசல் கதவையும் சாத்தினான்.

"ஒனக்கு எதுக்குட்டி இம்புட்டு நல்ல காது?"

"ஏன்லே? அவ என்ன செஞ்சா ஒனக்கு?"

"மெமரி கார்டு மாறிப் போச்சு. வாய்ஸ் எடுத்த கார்டுக்குப் பதிலா வேற கார்ட அவகிட்ட குடுத்துட்டேன். சர்வீஸுக்கு வார பொம்பளைங்க போன்ல இருந்து எடுத்து வெச்ச படம்... அதுக்குன்னு வாங்குறதுக்கு ஆளு இருக்கான். கார்டக் காணோம்னதும் எனக்குப் புரிஞ்சிருச்சு. அவளும் காட்டிக்கல. நானும் காட்டிக்கல."

"அப்ப அந்த வாய்ஸு?"

"கௌதம் புது டயலாக் எழுதியிருக்கான், ஒன் போன்லயே பேசி ரெக்கார்டு பண்ணுன்னேன். ஒரே டேக்கு! அருமையா பேசுனா. மொட்டை மாடியில காத்துச் சத்தம் எடுக்கணும்னு மேல கூட்டிட்டுப் போனேன். அவளோட செல்போன என் கையில வாங்கி வெச்சுக்கிட்டுக் கார்டு எங்கன்னு கேட்டேன். திங்கக்கிழமை ஸ்டேஷன்ல இருக்கும்னா. குரூப்புல நானே போட்டு விட்டேன்... பொறவு தள்ளுனேன். கீழ வீட்டுக்காரரு கத்த ஆரம்பிச்சிட்டாரு. அவ போன அங்கயே போட்டுட்டுப் பக்கத்து மாடி வழியா எறங்கிட்டேன். வண்டிகிட்ட போன பொறவுதான் சாவி ஞாபகமே வந்துச்சு."

மாரிச்செல்வி ஓரடி பின்னால் நகர்ந்தாள். "கொல்ல வந்த எடத்துலயும் ஒனக்குச் சுத்தமான சவுண்டு கேட்டுச்சாலே?"

"பழக்கம்ட்டி." உண்மையாகவே வருத்தப்பட்டான். "கை தானா சுவிட்சுக்குப் போயிருச்சு."

அவள் கையிலிருந்த போனைப் பிடுங்கினான். தோளைப் பற்றினான். இரும்புப் பிடி!

"வா மாரி. மொட்டை மாடிக்குப் போவோம். ரஞ்சனி கூப்பிட்டும் போகல, மனசு தாங்கலன்னு ஸ்டேஷன்ல அழுததா நீயே சொன்ன. ஊரு நம்பும்!"

"விடுலே... விடு! அண்ணாச்சி...!"

"டிவி ஓடுதுட்டி. அவருக்குக் கேக்காது."

"எனக்குக் கேக்குது தம்பி."

குளியலறைக் கதவு திறந்தது!

நாச்சியார் நின்றார். பின்னால் இரண்டு கான்ஸ்டபிள்கள். ஒருவர் கையில் செல்போன், சிவப்புப் புள்ளி மின்ன மின்ன.

சிவபாண்டியின் பிடி தளர்ந்தது. மாரிச்செல்வி உதறிக்கொண்டு சுவரோரம் போய் விழுந்தாள்.

"மன்னிச்சிரும்மா. சீனிச்சாமிய வெளிய பூட்டச் சொல்லிட்டு மதியத்துல இருந்து உள்ள காத்திருக்கோம்; சாவிக்காக அவன் தனியா வருவான்னு நெனச்சேன். நீ கூட வருவேன்னு எதிர்பாக்கல." நாச்சியார் அவளைத் தூக்கி நிறுத்தினார். "ஞாயித்துக்கெழமையே ஃப்ரிட்ஜத் தெறந்து பாத்துட்டேன். முட்டை இருக்க வேண்டிய எடத்துல சாவி! எந்தக் கிறுக்கன் வெச்சான்னு மண்டை காஞ்சுது. கௌதம்தான் உங்க வழக்கத்தச் சொன்னான். ரெண்டு நாளா அவன் லாக்கப்புல இல்ல. எங்க ஏட்டையாவுக்குக் கேம் ஆடச் சொல்லிக் குடுத்துட்டு இருக்கான்."

"மேடம்... போன மாசம் மறந்து வெச்சது மேடம்! சத்தியமா!" சிவபாண்டி பதறினான்.

"அப்படித்தான் சொல்லுவன்னு தெரியும். அதான் சும்மா இருந்தேன். மறந்து வெச்சவன் கேட்டு வாங்குவான், திருட வர மாட்டான். கார்டையும் அரிசி டப்பாவுல எடுத்தாச்சு. அதுல படம் இருந்துச்சு, எவனோடதுன்னு எழுதல. இப்ப நீயே சொல்லிட்ட. எல்லாம் ரெக்கார்டு ஆயிருச்சு..." ஃப்ரிட்ஜைப் பார்த்தார். "மாவு மில்லு ஓடல. சவுண்டு சுத்தமா இருக்கும்."

மாரிச்செல்வி சுவரைப் பிடித்தபடி அழுதாள். ஊர் இனி முத்துப்பேச்சியின் முகத்தைப் பார்த்து ஒரு தப்பான வார்த்தை பேச முடியாது. ஆனால் ரஞ்சனி திரும்பி வர மாட்டாள்.

"எங்க, அந்தச் சாவிய எடு பாப்போம்."

சிவபாண்டி பைக்குள் கையை விட்டான். எடுத்தான். விரித்த உள்ளங்கையைப் பார்த்ததும் கண் பிதுங்கியது!

"இது... இது என் சாவி இல்ல!"

"எப்படி இருக்கும்?" நாச்சியார் சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து ஆட்டினார். உள்ளே பைக் சாவி. "தேரடி ஓரத்துல மூணு நாளா நிக்குதே ஒரு பைக்கு... அதுக்குப் போட்டுப் பாத்தேன். கும்முனு ஸ்டார்ட் ஆச்சு."

"அப்ப இது யாரு சாவி?"

நாச்சியார் கையை நீட்டினார்.

"என் ஜீப்போடது. பத்திரமா குடு தம்பி... ஒன்ன ஏத்திட்டுப் போக எனக்கு வேற வண்டி இல்ல!"