லண்டன் அழைப்புக்கு முன் ஒரு பகல்

பரமட்டாவில் ரயிலேறியவன் முதுகிலிருந்து இறக்கிய பெரிய பை, ரஞ்சினியின் பாதத்தில்தான் வந்து விழுந்தது.

"ஐயோ அம்மா!"

அவன் கண்கள் விரிந்தன. "தமிழா நீங்க? சாரிங்க..."

"தமிழெண்டால் காலை நசிக்கலாமோ?"

எதிரெதிர் இருக்கை. முழங்கால்கள் இடித்துக்கொண்டன. ரஞ்சினி முறைத்தாள். "அந்தச் சாய்வைப் பிடிச்சு மற்றப் பக்கம் தள்ளுங்கோ."

"ரயில் சீட்டையா?"

சிட்னி ரயிலில் இது ஓர் அழகான ஏற்பாடு. முதுகுச் சாய்வு மட்டும் முன்னும் பின்னும் நகரும். தள்ளினால் போதும்... கிழக்கே பார்த்த இருக்கை மேற்கே பார்க்கும்.

தள்ளினான். 'டக்'. முதுகு காட்டி உட்கார்ந்தான். சற்று நேரத்தில் மறுபடியும் 'டக்'! எதிரே அதே முகம்.

"வேலை செய்யுதான்னு பார்த்தேங்க."

மழைத்துளி ஒட்டிய அவன் இமைகள்... அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வாசுதேவன், கோயம்புத்தூர்க்காரன். சிங்கப்பூர் வேலையை உதறிவிட்டு ஊர் சுற்றுகிறான். இரவு எட்டு மணிக்கு மெல்போர்ன் பஸ். சிட்னிக்கு இந்த ஒரு பகல்தான்.

அவளுக்கும் ஒரு பகல்தான்... மாலை ஆறு மணிக்கு லண்டனிலிருந்து டிரங்க் கால் வரும். மாப்பிள்ளையின் தகப்பன் பேசுவார். அவள் 'வணக்கம்' சொல்லிவிட்டு மௌனமாக நின்றால் கல்யாணம் முடிவாகிவிடும். அண்ணன் விக்னராஜாவின் ஏற்பாடு. வீட்டில் இரு என்றான். குடையோடு கிளம்பிவிட்டாள்.

"மாப்பிள்ளை எப்படிங்க?"

"படத்தில நல்லாத்தான் இருக்கிறார். நான் நர்ஸ் வேலையை விடவேணுமாம்."

நகரத்தில் இறங்கியதும் அவளே அவனுக்குப் புது ஓபரா மாளிகையைச் சுற்றிக் காட்டினாள். துறைமுகத்துக்கு அப்பால் இருந்த மேன்லிக் கடற்கரைக்குப் படகேறினார்கள்.

"பின்னுக்கு இருப்பம். காத்தடிக்காது."

அடிக்கவில்லை. திரும்பும்போதும் அதே பலகையில் உட்கார்ந்தார்கள். அந்தப் படகு துறையில் திரும்புவதே இல்லை. இரண்டு முனையிலும் சுக்கான் உண்டு. போகையில் பின்பக்கம், வருகையில் முன்பக்கம்! முதல் அலையே இருவரையும் குளிப்பாட்டியது.

"காத்தடிக்காதுன்னீங்க?"

"தண்ணியைப் பற்றி நான் ஒண்டும் சொல்லேல்லையே!"

சிரித்து ஓய்ந்ததும் கேட்டான். "லண்டனுக்கு என்ன சொல்லப் போறீங்க?"

"ஏலாது எண்டு."

"பயமா இல்லையா?"

"இருக்கு. அதுக்காகச் சொல்லாமல் விடுவனோ?"

ஈரக் கூந்தல், நிமிர்ந்த கழுத்து... அவன் ஏதோ சொல்ல வந்து விழுங்கினான். ஒரு பையைத் தவிர ஏதுமில்லாதவன்... எந்த உரிமையில்?

அவள் வீடிருந்த வென்ட்வேர்த்வில்லில் இறங்கியபோது அடைமழை. "ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்று, துணைக்கு வந்தவனை வீட்டுக்கு அழைத்து வந்தாள். கதவைத் திறந்த விக்னராஜா, "ஆரிந்த ஆள்?" என்பதற்குள் தொலைபேசி அலறியது. ரஞ்சினி முந்திக்கொண்டாள்.

"வணக்கம், அங்கிள். எனக்கு இதில விருப்பமில்லை. வேலையையும் விடமாட்டன்."

"விசரே உனக்கு? போனைத் தா!"

"பொறுங்கோ அண்ணா. வேற ஆரையும் பிடிச்சிருக்கோ எண்டு கேக்கிறார்." அவள் பார்வை வாசற்படிக்குப் போனது. "ஓம், அங்கிள். இண்டைக்குக் காலமைதான் பிடிச்சது."

வாசற்படியில் நின்றவனின் தோளிலிருந்து பை நழுவி விழுந்தது.

"வாசுதேவன்... மூண்டு நிமிஷத்தில போன் கட்டாகிடும். உங்களுக்கு எப்படி?"

"நானா..." அவன் நனைந்த தலையைக் கோதினான். "பஸ் டிக்கெட்டை மேன்லியிலயே கிழிச்சுப் போட்டுட்டேங்க. எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."

விக்னராஜா கதிரையில் தொப்பென்று உட்கார்ந்தான். ரஞ்சினியின் கன்னம் சிவந்தது, குரல் மட்டும் நடுங்கவில்லை.

"அவருக்கும் பிடிச்சிருக்காம், அங்கிள். வைக்கிறன்."