பத்தில் மூன்று மகிழ்ச்சி

செவ்வாயின் ஏழாவது குமிழ்நகரில், சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் காதுக்குப் பின்னால் ஒரு தட்டு தட்டிக்கொண்டு சந்தோஷப்படுவார்கள். அங்கே விளையாட்டுக்குத் திரை கிடையாது. காதருகே பதித்த சில்லு வழியாக, ஜெயித்த மகிழ்ச்சி நேரே மூளைக்குள் இறங்கும். இறங்குவதற்கு இருந்த ஒரே வழி வாயிலங்காடி என்ற நிறுவனம். வழிவிட்டதற்குக் கூலியாகப் பத்தில் மூன்று பங்கு மகிழ்ச்சியை அது எடுத்துக்கொள்ளும். காசு கேட்டால் ஜனங்கள் சண்டைக்கு வருவார்கள். மகிழ்ச்சி குறைந்தால் தலையெழுத்து என்று படுத்துவிடுவார்கள் என்பது அங்காடிக்குத் தெரியும். எடுத்ததை என்ன செய்தது என்பது மர்மம். அதன் அதிகாரிகளின் முகத்தைப் பார்த்தால், அவர்கள் வைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

தில்லைவாணி ஒரு பட்டம் விடும் விளையாட்டைச் செய்தாள். மூச்சுக்கே காற்று தயாரிக்க வேண்டிய ஊரில் பட்டம். முதலில் விளையாடியவன், காற்றுத் தயாரிக்கும் ஆலையில் வேலை பார்த்த அவள் கணவன் சோலைமலை. எதிராளியின் நூலை அறுத்துவிட்டுக் கண்ணைத் திறந்தான்.

"பரவால்ல வாணி. நல்லாத்தான் இருக்கு."

ரசத்துக்குச் சொல்கிற அதே குரல். அவன் ஒருமுறையாவது துள்ளிக் குதிப்பதைப் பார்க்கத்தான் அவள் அதைச் செய்திருந்தாள்.

பங்கு எடுக்கக் கூடாதென்று அங்காடி மேல் வழக்குப் போட்டாள். வெளிவழியாக வரும் மகிழ்ச்சியில் கிருமி இருக்கலாம், பங்கு எடுப்பதெல்லாம் பாதுகாப்புக்காகத்தான் என்றார் அங்காடியின் வக்கீல். மனுக்களும் சில்லு வழியாகவே போயாக வேண்டியிருந்ததால், அவளுடைய கோபத்திலும் பத்தில் ஏழு பங்குதான் நீதிபதியைச் சென்றடைந்தது. வருடங்கள் ஓடின. கடைசியில் நேரில் போய்க் கத்தினாள். ஜெயித்தாள்.

அன்று மாலை சோலைமலைக்கு முழு மகிழ்ச்சி இறங்கியது. நூலை அறுத்ததும் எழும்பிக் குதித்தான். செவ்வாயில் எடை குறைவு என்பதால் தலை கூரையில் மோதியது. நெற்றி புடைக்க இறங்கி வந்து, அவளைத் தூக்கிச் சுற்றினான். கண்ணில் நீர்.

"எல்லாரும் நல்லா இருக்கட்டும்டி," என்றான்.

அவளும் அழுதாள். அப்போது பக்கத்து வீட்டு அன்னபாக்கியம் கதவோரம் எட்டிப் பார்த்தாள்.

"என்ன வாணி, வீட்ல ஒரே சிரிப்பா இருக்கு?"

கண் பட்டுவிடுமே என்று வாணி சட்டென்று கதவைச் சாத்தினாள். விளையாட்டுக்கு வந்த மதிப்புரைகளைப் பார்த்தாள். ஊர் முழுக்க ஒற்றை நட்சத்திரம். இவ்வளவு சந்தோஷம் ஆகாது, ஏதோ கெட்டது நடக்கப்போகிறது, பயமாக இருக்கிறது என்று வரிசையாக எழுதியிருந்தார்கள்.

கூடவே அங்காடியின் புது அறிவிப்பும் வந்திருந்தது. திருஷ்டிக் காப்புச் சேவை. கட்டாயமில்லை. விரும்புகிறவர்களின் மகிழ்ச்சியில் பத்தில் மூன்று பங்கு கழிக்கப்படும். இதற்குக் கட்டணம் உண்டு.

கொள்ளைக்காரப் பாவிகள் என்று பல்லைக் கடித்தாள். உள்ளே சோலைமலை இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான், வீங்கிய நெற்றியோடு. எவ்வளவு அழகாகச் சிரிக்கிறான்.

அவன் பெயரிலேயே சம்மதத்தை அழுத்தினாள். ஆயுள் சந்தாவுக்குச் சலுகை இருந்தது. அதையே எடுத்தாள்.