வெட்டி எறிந்த மாவுக்கட்டு

காலையில் பூண்டுக் காட்டு வரப்புக்கு அப்பால் வீசி எறிந்த மாவுக்கட்டு, மூடுபனி இறங்கிய பிற்பகலில் வாசற்படியில் நிமிர்ந்து நின்றது. அதன் அடியில் ஈரச் சேறு ஒட்டியிருந்தது.

சின்னக்கருப்பனுக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

"எவன்டா இதை எடுத்தாந்து வச்சது?"

"நாயி இழுத்தாந்திருக்கும்" என்றாள் மனைவி பிச்சையம்மாள், அடுப்படியிலிருந்து.

"நாயி நிமித்தி வச்சுட்டுப் போகுமாக்கும்?"

எட்டி உதைத்தார். உருண்டு பனிக்குள் போனது. வெறும் கூடுதான், ஆனால் சதை நிறைந்த காலை உதைத்ததுபோல் கனத்தது.

மகன் குருநாதன் மதுரை மில் ஒன்றுக்குச் சம்பளத்துக்குக் கால்பந்து ஆடுகிறவன். பந்தயத்தில் வலப்பாத எலும்பு முறிந்தது. டாக்டர் பாதத்தைக் கீறி, எலும்பைக் கம்பியால் கோத்து, முழங்கால்வரை மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார். எட்டு வாரம் கால் ஊன்றக் கூடாது, கட்டை நான்தான் பிரிப்பேன் என்றார். இது ஐந்தாவது வாரம்.

நாளை மறுநாள் அவர்களுடைய மலையூரான கூக்காலிலிருந்து பழனிக்குக் காவடி புறப்படுகிறது. ஊரின் முதல் காவடி மூன்று தலைமுறையாக இந்த வீட்டுத் தலைமகன் தோளில்தான் போயிருக்கிறது. அவன் நடக்காவிட்டால் அந்த உரிமை பங்காளி வீட்டுக்கு மாறும்; பிறகு திரும்பாது. பங்காளி செல்லப்பாண்டி நேற்று ஊரார் முன்னால் சிரித்தான்.

"ஒம் மகன் காலு மில்லுக்காரனுக்கு நேந்துவிட்ட காலுல்ல அண்ணே! காவடிய எம் மகன் தூக்கட்டும்."

அந்தச் சிரிப்பு இரவெல்லாம் அவர் நெஞ்சில் எரிந்தது. விடிந்ததும் மகன் காலிலிருந்த கட்டை வெந்நீரில் ஊறவைத்து, கருக்கரிவாளால் நெடுக அறுத்தார்.

"வேணாம்யா, இன்னும் மூணு வாரம் கெடக்கு. கம்பி நழுவுனா நான் பந்தையே தொட முடியாது."

"மில்லுக்காரன் குடுத்த காலாடா அது? நான் பெத்த காலு. நட!"

பத்தடி நடக்க வைத்தார். பத்தாவது அடியில், பாதத்துக்குள் நறுக்கென்று ஒன்று விட்டது. அவருக்கும் கேட்டது.

"கட்டு எடுத்தா அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி, அவனைக் கம்பளிக்குள் படுக்கவைத்துக் கதவைச் சாத்தினார். அதன்பிறகு அவர் அந்த அறைக்குள் போகவில்லை.

இப்போது பனி சன்னல் வழியே வழிந்து, வீட்டுக்குள் இருந்த சாமான்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தது. நனைந்த சுண்ணாம்பு வாடையும், ஆஸ்பத்திரி மருந்து வாடையும், அடைபட்டுக் கிடந்த தோலின் புளித்த வாடையும் அதோடு சேர்ந்து வந்தன. பின்கட்டுப் பலகைத் தரையில் ஓர் ஓசை.

டக்.

அவர் திரும்பவில்லை. "பிச்சை?" என்றார்.

அடுப்படியில் புகை மட்டும்.

டக். டக்.

ஒற்றைக் கால் வைக்கும் ஓசை. எண்ணினார். எண்ணக் கூடாது என்று பல்லைக் கடித்தார். எண்ணினார். ஏழு. எட்டு. ஒன்பது.

பத்து. நறுக்.

"எவன்டா எம் வீட்டுக்குள்ள?" என்று கத்தினார். குரல் உடைந்தது. அந்த உடைசல் வெளியே கேட்டிருக்குமோ என்ற வெட்கம், அந்த நேரத்திலும்.

மகன் அறைக் கதவைத் தள்ளினார். குருநாதன் விழித்துக்கொண்டிருந்தான். முகம் தெளிந்திருந்தது.

"அய்யா, இப்ப வலிக்கவே இல்ல."

கம்பளியை விலக்கினார்.

வலக்கால் முழங்காலோடு முடிந்திருந்தது. ரத்தமில்லை. காயமில்லை. பிறவியிலேயே அப்படி இருந்ததுபோல் வழவழப்பாக.

பின்னால் சலங்கை குலுங்கியது.

கூடத்துச் சுவரில் சாத்தியிருந்த முதல் காவடி, ஓர் ஆள் தோள் உயரத்தில், யாருமில்லாமல் அந்தரத்தில் நின்றது. மயில்தோகைகள் மெல்ல ஆடின. அதற்கு நேர் கீழே மாவுக்கட்டு. அவர் அறுத்த தடம் ஒட்டிக் கூடியிருந்தது. நுனியில் ஐந்து விரல்கள்.

விரல்கள் தரையைப் பற்றின.

குதிகால் எழுந்தது.