நான்காவது கதவின் வாரம்

ஆளில்லாத வீட்டுக் கதவில் அட்டை தொங்கியது. 'இந்த வாரம் மாடிப்படி கழுவுவது உங்கள் முறை' என்று அச்சடித்த, ஓரம் கறுத்த பழைய அட்டை. டண்டி நகரத்தில் இந்த மாதிரிக் கட்டடங்களில் அது கதவு கதவாகப் போகும். கழுவி முடித்தவர் அடுத்த வீட்டுக் கைப்பிடியில் மாட்டிவிடுவார். அதெல்லாம் ரோனாவுக்குத் தெரிந்ததுதான். ஆனால் மூன்றாவது மாடியின் நான்கு கதவுகளில் இந்த ஒன்றில் மட்டும் பெயர் இல்லை. கடிதம் போடும் துளையை உள்ளிருந்து பலகை அடித்து மூடியிருந்தார்கள்.

"அங்க யாருடி இருக்காங்க?"

"யாருமில்ல. ஆனா முறைன்னா முறைதான். எங்கம்மாகிட்ட கேளு, சட்டப் புத்தகமே படிச்சுக் காட்டுவாங்க," என்று இஷ்பெல் சிரித்தபடி எதிர்க் கதவைத் திறந்தாள்.

இருவரும் நியூகாசிலில் ஒரே அறையில் தங்கிப் படிப்பவர்கள். சனி, ஞாயிறு இரண்டு நாள் தன் வீட்டில் இருந்துவிட்டுப் போகலாம் என்று இஷ்பெல்தான் இழுத்து வந்திருந்தாள். வராமலே இருந்திருக்கலாம் என்று ரோனாவுக்கு வாசலிலேயே தோன்றிவிட்டது. இஷ்பெலின் அம்மா நெட்டா லோரிமர் ஓடிவந்து மகளின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து, இளைத்துவிட்டாய் என்றாள். ரோனாவின் அம்மா புதுக் கணவனோடு ஸ்பெயினில் இருக்கிறாள். கிறிஸ்துமசுக்குப் போனில் கூப்பிடுவாள், சில வருடம் அதுவும் மறந்துபோகும்.

மதியம் கொத்துக்கறியும் மசித்த உருளைக்கிழங்கும். இஷ்பெல் கேரட்டைப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினாள். நெட்டா அதை எடுத்துத் தின்றாள். அதைப் பார்த்து ரோனாவுக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான், அதற்கு வேறு பெயர் வைத்துப் பிரயோஜனமில்லை. இவளுக்கு எதற்கு இப்படி ஒரு அம்மா?

பேச்சை மாற்ற எதிர்வீட்டைப் பற்றிக் கேட்டாள். ஒரு விதவை இருந்தாளாம். மகள் சண்டை போட்டுக்கொண்டு போனவள் திரும்பவேயில்லையாம். அம்மாக்காரி செத்து ஒன்பது வருடம் ஆகிறதாம். அவள் வாரம் வந்தால் படி அழுக்காகவே கிடக்கும் என்ற நெட்டா, முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அந்த வாரம் மட்டும் யாரும் கை வைக்க மாட்டோம், கண்ணு. எந்த வீட்டு முறையில கழுவுறோமோ, அந்த வீட்டு ஆளு நாம."

சாப்பாடு முடிந்ததும் மகளுக்குக் குளிர்கோட்டு வாங்க நெட்டா கிளம்பினாள். ரோனாவையும் கூப்பிட்டார்கள். மரியாதைக்குக் கூப்பிடுவது குரலிலேயே தெரிந்தது. தலை வலிக்கிறது என்று சொல்லிவிட்டாள்.

மூன்று மணிக்கு டே ஆற்றிலிருந்து மூடுபனி ஏறி வந்தது. முதலில் பாலத்தை, பிறகு எதிர்க் கூரைகளை, பிறகு ஜன்னலையே மூடி, உப்பும் புகைக்கரியும் கலந்த வாடையோடு மாடிப்படி வழியாகவும் நுழைந்து, பகலிலேயே விளக்கைப் போட வைத்தது. ரோனா வாசலில் நின்று சேறு படிந்த படிகளைப் பார்த்தாள். திரும்பி வரும்போது இது பளிச்சென்று இருக்கும். பார்த்தாயா இந்தப் பெண்ணை, நீயும் இருக்கிறாயே என்று நெட்டா மகளிடம் சொல்வாள். அந்த ஒரு வார்த்தை போதும். செத்தவளுக்கு ஏது முறை?

வாளியில் வெந்நீரும் சலவைச் சோடாவும் கலந்தாள். மண்டியிட்டு மேல்படியிலிருந்து தேய்த்துக்கொண்டே இறங்கினாள். ஏழெட்டுப் படி ஆனபின்தான் காதில் பட்டது. அவள் தேய்க்கும்போது மேலேயும் யாரோ தேய்த்தார்கள். அவள் நிறுத்தினாள். மேலே இன்னும் ஒரு இழுப்பு. அப்புறம்தான் நின்றது.

எதிரொலி என்று சொல்லிக்கொண்டாள். எப்படியோ முடித்தாள். மேலே வந்து, வழக்கப்படி, பெயரில்லாத கதவிலிருந்து அட்டையைக் கழற்றி நெட்டாவின் கதவில் மாட்டினாள். பெயரில்லாத கதவின் பித்தளைக் கைப்பிடி வெதுவெதுப்பாக இருந்தது, யாரோ இப்போதுதான் விட்டுப் போனதைப் போல.

கீழே சிரிப்புச் சத்தம். பைகளோடு அம்மாவும் மகளும் ஏறி வந்தார்கள். ஈரப் படியைப் பார்த்ததும் நெட்டா நின்றாள். அட்டையைப் பார்த்தாள். ரோனா முகம் மலரக் காத்திருந்தாள். நெட்டா மகளின் தோளைப் பிடித்து ரோனாவைத் தாண்டித் தள்ளிக்கொண்டு போனாள். வீட்டுக்குள். கதவு மூடியது. ஒரு தாழ்ப்பாள். இன்னொன்று.

"அம்மா, அவ வெளிய நிக்கிறா!" உள்ளே இஷ்பெல் கதவை அடித்தாள்.

"மிஸஸ் லோரிமர்? உங்களுக்காகத்தான் கழுவினேன்."

உள்ளே நெட்டா அழுதுகொண்டிருந்தாள்.

"மன்னிச்சிரும்மா. எனக்கு இருக்கிறது ஒரே பொண்ணு."

முதுகுக்குப் பின்னால் ஒரு கதவு திறந்தது. ஓடியிருக்கலாம். படி காலடியிலேயே இருந்தது. ஓடவும் திரும்பினாள்.

"வந்துட்டியா, மகளே?"

அப்படி அவளை யாரும் கூப்பிட்டதில்லை. வெட்கம்கெட்ட மனது, கால் நின்றுவிட்டது. ரோனா திரும்பிப் பார்த்தாள்.

கதவிடுக்கில் ஒருத்தி மண்டியிட்டிருந்தாள். நெற்றி தரையில் பதிந்திருந்தது. நனைந்த முடி. தண்ணீரில் ஊறி வெளுத்த ஒரு கை தரையிலிருந்து கிளம்பியது. ரோனாவின் முழங்காலைத் தாண்டியது. இடுப்பைத் தாண்டியது. தோளைத் தாண்டியது. கை வந்துகொண்டே இருந்தது. தலை நிமிரவேயில்லை. ஈர விரல்கள் ரோனாவின் முகத்தைத் தடவி, கலைந்த முடியைக் காதுக்குப் பின்னால் மெதுவாக ஒதுக்கிவிட்டன.